பதினோராம் எண் கூண்டு

இந்தியத் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் மொத்தம் பதினொன்று. பகலில் கூம்பும் உருளையுமாகவும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாகவும் கம்பத்தில் ஏற்றப்படும் இந்தக் குறிகளில் முதலிரண்டும் புயல் தொலைவில் இருப்பதையும், மூன்றும் நான்கும் துறைமுகத்தையே பலத்த காற்று தாக்கக்கூடும் என்பதையும், ஐந்து முதல் பத்து வரையுள்ளவை புயல் எவ்வளவு கடுமையானது, துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதையும் உணர்த்துகின்றன. பதினோராம் எண் மட்டும் காற்றின் வேகத்தையோ புயலின் திசையையோ சொல்வதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு இருந்த தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதையும், ஆனாலும் மோசமான வானிலை வரும் அபாயம் இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதையும் அது தெரிவிக்கிறது. தந்திக் காலத்து நிர்வாகம் தன் கம்பி ஒருநாள் அறுந்துபோகும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்த நாளுக்கென ஒரு குறியையும் ஒதுக்கி வைத்திருந்தது. கைபேசிக் காலத்து நிர்வாகங்களிடம் அந்த முன்யோசனை குறைவு என்பதையே அண்மைக்கால நிகழ்வுகள் காட்டுகின்றன.

ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிப் பாக் நீரிணையின் கரையில் இருக்கும் திருப்பாலைக்குடி போன்ற ஊர்களில், பாம்பனில் கூண்டு ஏறினால் "மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சு" என்ற சொல் வாய்வழியாக வந்துசேர்ந்த காலம் ஒன்று உண்டு. இப்போது அதே செய்தி பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும் படமாகவோ காணொளியாகவோ வந்துவிடுகிறது. வேகம் கூடியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் செய்தி வரும் பாதை யாருடையது, அதை அடைக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது, அடைபட்டால் அடுத்த வழி எது என்ற மூன்று கேள்விகளும் விடையின்றியே நிற்கின்றன.

இக்கேள்விகள் உலக அளவில் கூர்மையடைந்தது 2023 ஆகஸ்டில், கனடாவில். செய்தி நிறுவனங்களின் உள்ளடக்கத்தால் பயன்பெறும் பெரிய இணைய நிறுவனங்கள் அந்நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்ற நோக்கத்தோடு கனடா நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையச் செய்திச் சட்டம் 2023 ஜூன் 22 அன்று ஒப்புதல் பெற்றது. முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம், பணம் தருவதைவிடச் செய்தியையே விட்டுவிடுவது மேல் என்று முடிவெடுத்து, ஆகஸ்ட் 1 முதல் கனடாவில் இருப்போர் யாரும் அவ்விரு தளங்களிலும் செய்தி இணைப்புகளைப் பகிரவோ பார்க்கவோ முடியாதபடி தடுக்கத் தொடங்கியது. அடுத்த இரண்டு வாரங்களில், வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரான யெல்லோநைஃபை நோக்கிக் காட்டுத்தீ நெருங்கியது. ஆகஸ்ட் 16 இரவு, சுமார் 20,000 பேர் வாழும் அந்நகரம் முழுவதும் வெளியேற உத்தரவு பிறந்தது. நகரைத் தெற்கோடு இணைப்பது ஒரே ஒரு நெடுஞ்சாலை. ராமேசுவரம் தீவைச் சாலை வழியாகக் கரையோடு இணைப்பது பாம்பன் பாலம் ஒன்றுதான் என்பதை அறிந்த ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அந்த நிலைமையை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்களில் மக்கள் கையாண்ட உத்தி கவனிக்கத்தக்கது. உள்ளூர்ச் செய்தித் தளங்களின் இணைப்பை ஒட்டினால் முகநூல் மறுத்ததால், செய்தியைத் திரைப்பிடிப்பாக, அதாவது கைபேசித் திரையில் தெரிவதை அப்படியே படமாக எடுத்துப் பகிர்ந்தார்கள். சிலர் செய்தியின் வாசகத்தைத் தட்டச்சு செய்து ஒட்டினார்கள். அரசுத் துறைகளின் பக்கங்கள் தடுக்கப்படவில்லை என்றும், ஆபத்துப் பகுதியில் இருப்போர் தாம் நலமாக இருப்பதை உறவினருக்குத் தெரிவிக்கும் வசதி இயங்குகிறது என்றும் மெட்டா பதிலளித்தது. அந்தப் பதில் பொய்யன்று. ஆனால் முழுமையானதும் அன்று. வெளியேறு என்ற ஆணையை அரசு வெளியிடும். எந்தச் சாலையில் புகை அடர்ந்திருக்கிறது, எங்கே எரிபொருள் தீர்ந்துவிட்டது, அதிகாரிகள் காலையில் சொன்னதற்கும் மாலையில் சொன்னதற்கும் ஏன் முரண்பாடு என்பவற்றைக் கேட்டு, சரிபார்த்து, மக்கள் மொழியில் சொல்வது செய்தியாளரின் வேலை. ஆணை திறந்திருந்தது, விளக்கம் அடைபட்டிருந்தது என்பதே அன்றைய நிலை. இதே சட்டத்தின் கீழ் வந்த கூகுள், ஆண்டுக்கு 10 கோடி கனடா டாலர் தருவதாக அந்த ஆண்டு நவம்பரில் அரசோடு உடன்பாடு கண்டது, மெட்டா இறங்கிவரவில்லை.

இதற்கு முன்னோட்டம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. அங்கும் இதே போன்ற ஒரு சட்டத்தை எதிர்த்து 2021 பிப்ரவரி 18 அன்று முகநூல் செய்திகளைத் தடுத்தபோது, செய்தி எது என்பதைப் பிரித்தறியும் அதன் சல்லடை தாறுமாறாக வேலை செய்து, அந்நாட்டு வானிலைத் துறையின் பக்கமும், மாநிலச் சுகாதாரத் துறைகளின் பக்கங்களும், மேற்கு ஆஸ்திரேலியாவின் தீயணைப்பு மற்றும் அவசர சேவைத் துறையின் பக்கமும் ஒருசேர வெறுமையாயின. கொரோனா தடுப்பூசி போடும் பணி தொடங்கச் சில நாட்களே இருந்த வேளை அது. தவறுதலாக நேர்ந்தது என்று கூறி அப்பக்கங்களை முகநூல் விரைவில் மீட்டது. அரசோடு சமரசம் ஏற்பட்டபின் செய்திகளும் திரும்பின. ஆனால் ஒரு நாட்டின் வானிலை அறிவிப்பு, வேறொரு நாட்டில் இருக்கும் நிறுவனத்தின் வணிகப் பேரத்தில் சில மணி நேரமாவது பிணையாக நின்றது என்பது வரலாற்றில் பதிவாகிவிட்டது.

தமிழ்நாட்டில் நிறுவனம் செய்தியைத் தடுத்த நிகழ்வு இல்லை. இங்கே கதவைச் சாத்தியது அரசு. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்ததையடுத்து, மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையச் சேவையை நிறுத்தி வைக்க அரசு ஆணையிட்டது. வதந்தி பரவுவதைத் தடுப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. மூன்றும் கடலோர மாவட்டங்கள். அவற்றுள் கன்னியாகுமரி, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் ஆழ்கடலுக்குப் போன மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததால் பெரும் உயிரிழப்பைச் சந்தித்து ஆறு மாதமே ஆன மாவட்டம். இணையம் நிறுத்தப்பட்டதோடு அதன் வழியே வந்துகொண்டிருந்த காற்று, அலை முன்னறிவிப்புகளும் நின்றுபோகும் என்பதை அந்த ஆணையை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்ற கேள்வி இன்றளவும் கேட்கத் தகுந்ததே. 2020 ஜனவரி 10 அன்று, இணைய முடக்கம் பற்றிய அனுராதா பாசின் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய ஆணைகள் வெளியிடப்பட வேண்டும், தேவைக்கு மிஞ்சாத அளவில் இருக்க வேண்டும், காலவரையின்றி நீடிக்கக் கூடாது என்று வரையறுத்தது. ஆனால் நிறுத்தம் நடைமுறையில் இருக்கும் நாட்களில் அவசரத் தகவல் எந்த வழியாகப் போகும் என்பது அந்த வரையறைக்கு வெளியே நிற்கும் கேள்வி.

பாக் நீரிணையின் எதிர்க்கரையில் இக்கேள்வி கற்பனையாக இருக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளைத் தொடர்ந்து முகநூல், வாட்ஸ்அப், வைபர், யூடியூப் முதலியவற்றை இலங்கை அரசு முடக்கியது. தடை ஏப்ரல் 30 அன்றுதான் நீங்கியது. இடையே, ஏப்ரல் 26 அளவில் இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகி, ஃபானி என்ற பெயரோடு புயலாக வலுத்து, தீவின் கிழக்குப் பக்கமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அது இலங்கையில் கரையேறாமல் விலகிச் சென்றதால் யாரும் அந்தப் பொருத்தத்தைப் பெரிதாகப் பேசவில்லை. குண்டுவெடித்த நாட்டில் வதந்தியால் கலவரம் மூளும் என்ற அச்சம் நியாயமானது. 2018 மார்ச்சில் கண்டிப் பகுதியில் அது நடந்தும் இருந்தது. ஆயினும் வதந்திக்கு எனப் போட்ட பூட்டு வானிலைக்கும் சேர்த்தே விழுகிறது. வி.பி.என். எனப்படும், பயன்படுத்துபவரின் இருப்பிடத்தை மறைத்துத் தடையைத் தாண்ட உதவும் மென்பொருளைக் கையாளத் தெரிந்த நகரத்து இளைஞர் தப்பித்துக்கொள்கிறார்; வலையைச் சுமந்துகொண்டு விடியலில் கடலுக்கு இறங்கும் பெரியவருக்கு அந்த வழி இல்லை.

நிறுவனமும் அரசும் தடுக்காவிட்டாலும் பாதை தானாகவே அறுந்துபோகும் நேரம் உண்டு. ராமநாதபுரம் கடற்கரை அதைத் தன் மிகப்பெரிய துயரத்தோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில், தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் சைகை விளக்கு எரியாததால் நின்றது. எதிரே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும் கம்பிகள் புயலில் வீழ்ந்திருந்தன. சிறிது நேரம் காத்திருந்த ஓட்டுநர் ஊதலை ஒலித்துவிட்டு வண்டியை நகர்த்தினார். எழுந்து வந்த கடல் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு ரயிலை விழுங்கியது. சைகை எரியாதிருப்பதும் ஒரு தகவல்தான் என்பதை அங்கே எடுத்துச் சொல்ல யாருமில்லை. கைபேசிக் காலத்தில், 2021 அக்டோபர் 4 அன்று முகநூலும் வாட்ஸ்அப்பும் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் செயலிழந்ததற்கு நிறுவனத்தின் உள்ளமைப்பில் நேர்ந்த ஒரு பிழையே காரணம். மழைக்காலத்து இரவு ஒன்றில் அது நேர்ந்தால், குழுவில் ஒன்றும் வரவில்லையே என்பதைப் படகுக்காரர்கள் கடல் அமைதியாக இருப்பதாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்.

பாதை பலவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2004 டிசம்பர் 26 காலையில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்தில் நடந்தது நல்ல சான்று. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராம அறிவு மையத்தை நடத்திவந்தது. இணையத்திலிருந்து அலை உயரத்தையும் காற்றின் வேகத்தையும் எடுத்து மீனவர்களுக்குத் தமிழில் ஒலிபெருக்கியில் வாசிப்பது இத்தகைய மையங்களின் அன்றாட வேலைகளில் ஒன்று. சிங்கப்பூரில் வேலைபார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தார். அந்த நேரத்தில் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்துத் திறந்த ஊரார், ஒலிபெருக்கியில் அறிவித்து, சுமார் 3,600 பேர் கொண்ட கிராமத்தை மேட்டுப் பகுதிக்கு அனுப்பினார்கள். படகுகளும் வீடுகளும் போயின; மனிதர்கள் பிழைத்தார்கள். தொலைக்காட்சிச் செய்தி, தொலைபேசி, ஒலிபெருக்கி ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு உடைமைகள் என்பதும், நாள்தோறும் பழகிய குரல் என்பதால் ஊரார் அதை நம்பி உடனே எழுந்தார்கள் என்பதும் இங்கே முக்கியம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஒலிக்கும் சங்கொலியைக் கேட்டு யாரும் அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை.

திருப்பாலைக்குடி போன்ற கடலோர ஊர்களில் பள்ளிவாசல், கோயில், தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகளே இத்தகைய பழகிய குரலுக்கு உரியவை. ஒரு மின்கலமும் ஒரு மனிதரும் இருந்தால் அவை இயங்கும். முன்பு இந்த வேலையைச் செய்த தண்டோராவைக் கைவிடும்படி 2022 ஆகஸ்டில் தமிழகத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களை அறிவுறுத்தினார். பறையடித்துச் சொல்லும் பணியைக் குறிப்பிட்ட சாதியினர் தலையில் சுமத்திய வழக்கம் ஒழிய வேண்டியதே. அதற்கு மாற்றாகச் சொல்லப்பட்ட, ஒலிபெருக்கி கட்டிய வாகனம் சாலை நன்றாக இருக்கும்வரை ஓடும். வெள்ளம் சூழ்ந்த தெருவில் நடந்து போய்ச் சொல்பவர் யார் என்பதை ஒவ்வொரு ஊராட்சியும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, அதன் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் பெய்து முடிந்துவிட்டது. அத்தகைய மழைக்கு, பார்த்துவிட்டுப் பகிரும் அவகாசம்கூடக் கிடைப்பதில்லை.

எந்த ஊடகத்தையும் சாராத இன்னொரு வழியும் இக்கடற்கரையில் நடைமுறையில் இருக்கிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போக மீன்வளத் துறையிடம் அனுமதிச் சீட்டு, பேச்சு வழக்கில் டோக்கன், பெற வேண்டும். வானிலை மோசமானால் துறை டோக்கன் தர மறுத்துவிடுகிறது. எச்சரிக்கையைப் படித்தாரா, நம்பினாரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஆனால் இது விசைப்படகுத் துறைமுகங்களில் செல்லுபடியாகும் அளவுக்கு, ஊருக்கு ஊர் கரையிலிருந்து நேராகத் தள்ளிவிடப்படும் வல்லங்களுக்கும் வத்தைகளுக்கும் செல்லுபடியாவதில்லை. தகவல் அதிகம் தேவைப்படுவதோ அந்தச் சிறிய படகுகளுக்கே.

வானொலி இந்தக் குறையைத் தீர்க்கக்கூடிய கருவி. மீனவர்களுக்கென்றே பாம்பனில் 2016இல் தொடங்கப்பட்ட 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலி, அதாவது ஓர் அமைப்பு தன் வட்டாரத்து மக்களுக்காக லாப நோக்கின்றி நடத்தும் சிறிய பண்பலை நிலையம், காற்று, அலை நிலவரத்தை மீனவர் பேச்சுமொழியிலேயே சொல்கிறது. ஆனால் சமுதாய வானொலிக்கு மிகக் குறைந்த திறனே அனுமதிக்கப்படுவதால், அதன் அலை 10 முதல் 15 கிலோமீட்டர் வரையே எட்டும். திருப்பாலைக்குடி பாம்பனிலிருந்து நேர்க்கோட்டில் பார்த்தாலும் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தொலைவில் இருக்கிறது. இன்னொரு தடையும் உண்டு. இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்களும் சமுதாய வானொலிகளும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துச் சொல்லலாம். வானிலை, இயற்கைப் பேரிடர் பற்றிய தகவல்கள் செய்தியாகக் கருதப்படாது என விதிகளே விலக்களித்திருப்பதால் புயல் எச்சரிக்கையைச் சொல்வதில் சிக்கல் இல்லை. ஆனால் எச்சரிக்கையில் சொல்லப்பட்ட முகாமில் சோறு இருக்கிறதா, திறந்திருப்பதாக அறிவிக்கப்பட்ட பாலம் உண்மையில் திறந்திருக்கிறதா என்று ஒரு நிருபரை அனுப்பிக் கேட்டுச் சொன்னால் அது எந்தக் கணக்கில் சேரும் என்ற தயக்கம் இருக்கவே செய்யும். கனடாவில் ஒரு நிறுவனம் 2023இல் போட்ட தடையைக் கண்டிப்பவர்கள், நம் வானொலியில் இதற்கு வெகு முன்பே போடப்பட்டு இன்னும் எடுக்கப்படாத தடையையும் சேர்த்தே பேசுவது நேர்மையாக இருக்கும்.

கைபேசியிலேயேகூட, சமூக ஊடகத்தின் தயவு தேவைப்படாத ஒரு வழி வந்துவிட்டது. குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாக அனுப்பப்படுவதால் நெரிசலில் சிக்கித் தாமதமாகலாம். செல் பிராட்காஸ்ட் எனப்படும் கோபுர ஒலிபரப்பு முறையிலோ, ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும், இவ்வசதி உள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் எண் தெரியாமலேயே, இணையம் இல்லாமலேயே, சில நொடிகளில் எச்சரிக்கை ஒலியோடு செய்தி போய்ச் சேர்கிறது. தமிழ்நாட்டில் இதன் சோதனை 2023 அக்டோபரில் நடந்தபோது, வகுப்பறைகளிலும் பேருந்துகளிலும் ஒரே நேரத்தில் கைபேசிகள் அலறியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். இம்முறைக்கும் எல்லை உண்டு. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்கு அப்பால் கைபேசி அலை கிடைப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே, ஐதராபாத்தில் இயங்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெறும் ஜெமினி என்ற கருவியை 2019இல் அறிமுகப்படுத்தியது. அது வாங்க மட்டுமே தெரிந்தது; கடலில் தவிப்பவர் அதன் வழியே குரல் கொடுக்க முடியாது. இருவழியாகவும் தொடர்புகொள்ளும் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

கருவிகளைப் பற்றி இவ்வளவு பேசப்படும் அளவுக்கு, அவற்றின் வழியே போகும் வாசகத்தைப் பற்றிப் பேசப்படுவதில்லை. கனடாவில் மக்கள் திரைப்பிடிப்புகளுக்கு மாறியபோது வாசகம் பிழைத்தது. ஆனால் அது எந்த நாள், எந்த நேரத்துக்கு உரியது என்ற விவரம் பல படங்களில் வெட்டுப்பட்டுப் போகும் ஆபத்தும் கூடவே வந்தது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் போன ஆண்டுப் புயல் வரைபடம் இந்த ஆண்டு மழையில் உலவுவது இதே காரணத்தால்தான். பேரிடர் எச்சரிக்கைகளுக்கென உலக அளவில் வகுக்கப்பட்டு இந்தியாவும் பின்பற்றும் பொது எச்சரிக்கை நெறிமுறையில், அனுப்பியவர், அனுப்பிய நேரம், உரிய பகுதி, காலாவதி நேரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடங்கள் உள்ளன. கணினிக்குள் ஒழுங்காக இருக்கும் அந்த விவரங்கள், செய்தி ஒரு வண்ணப் படமாகவோ இணைப்பாகவோ மாறும்போது உதிர்ந்துவிடுகின்றன. மாறாக, பாம்பன் முதல் தொண்டி வரை நாளை மாலை 6 மணி வரை யாரும் கடலுக்குப் போக வேண்டாம், இது இன்று பகல் 2 மணிக்கு மீன்வளத் துறை அறிவித்தது என்று நான்கு விவரங்களும் ஒரே வாக்கியத்தில் அமைந்துவிட்டால், அது குறுஞ்செய்தியிலும் போகும், ஒலிபெருக்கியிலும் வாசிக்கப்படும், கரும்பலகையிலும் எழுதப்படும், ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்கும் சிதையாமல் போகும். இணைப்பைத் தடுப்பவரால் அதைத் தடுக்க முடியாது.

இதில் பெரும்பாலும் விட்டுப்போவது, எச்சரிக்கை விலக்கப்பட்டதைச் சொல்வது. 2019 ஏப்ரல் இறுதியில் ஃபானி வட தமிழகத்தை நோக்கி வரக்கூடும் என்ற தொடக்கக் கணிப்பையொட்டி விடுக்கப்பட்ட எச்சரிக்கை, புயல் ஒடிசாவை நோக்கித் திரும்பியதும் கைவிடப்பட்டது. எச்சரிக்கை வந்த வேகத்தில் விலக்கம் வந்துசேர்வதில்லை. கரையில் கட்டிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வல்லக்காரருக்கு வருமானம் இல்லாத நாள் என்பதால், விலக்கம் தாமதமாகத் தெரியும் ஊரில் அடுத்த எச்சரிக்கையை மதிப்பவர் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. ஆகவே, கடலுக்குப் போகாதீர்கள் என்று வாசித்த அதே ஒலிபெருக்கியில், இனிப் போகலாம் என்பதையும் அதே துறையின் பெயரோடும் நேரத்தோடும் வாசிக்கும் பொறுப்பு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே ஊரில் இரண்டு பேரிடமாவது ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இருவரில் ஒருவர் கடலுக்குப் போகாதவராக இருப்பது நல்லது.